ஊசியிலையும் ஓடையும்

நுழையும்முன்

மரம் நடுதலை அறமெனப் போற்றும் மரபு தமிழர்க்கு உண்டு. சாலையோரம் நிழல்மரம் வைத்தவரை ஊர் மறப்பதில்லை. ஆயினும், எந்த மரத்தை எந்த நிலத்தில் நடுவது என்னும் வினா அத்துணை எளிதன்று. மெக்சிகோ நாட்டு மலைகளில் தோன்றி, தாளுக்காகவும் அறுப்பு மரத்திற்காகவும் பல நாடுகளில் வளர்க்கப்பட்டு, நம் மலைகளுக்கும் வந்துசேர்ந்த ஒரு பைன் மரத்தின் வரலாறு அவ்வினாவிற்கு விடைகாண உதவுகிறது.

கொடைக்கானலுக்குச் செல்வோர் தவறாது காணும் இடங்களுள் பைன் காடும் ஒன்று. நெடிதோங்கிய அடிமரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தரையில் பழுப்புநிற ஊசியிலைகள் மெத்தைபோல் படிந்து கிடக்கின்றன. ஒளிப்படம் எடுப்போர்க்கும் திரைப்படக் குழுவினர்க்கும் விருப்பமான இடம் அது. சிறிது நேரம் அமைதியாக நின்று நோக்குவோர்க்கு மற்றொன்றும் புலப்படும். அக்காட்டின் தரையில் புதர் அரிது, கொடி அரிது, புல்லும் அரிது. அருகிலுள்ள சோலையில் கேட்கும் அளவிற்குப் பறவைக்குரலோ பூச்சிகளின் ஒலியோ அங்குக் கேட்பதில்லை. தானாகத் தோன்றிய காடன்று, மனிதர் நட்டு வளர்த்த காடு என்பதை அம்மரங்களின் வரிசையே காட்டிவிடுகிறது.

தென்னிந்திய மலைகளில் இயல்பாக வளரும் பைன் இனம் ஒன்றேனும் இல்லை. இமயமலைச் சரிவுகளில் சிர் பைனும், வடகிழக்கு மாநிலங்களின் குன்றுகளில் காசிப் பைனும் இயற்கையாக வளர்கின்றன. நீலகிரியிலும் பழனி மலையிலும் காணப்படும் பைன்கள் பிற இடங்களிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. அவற்றுள் குறிப்பிடத்தக்கது 'பைனஸ் பட்டுலா' என்னும் இனம். வெப்பமண்டலத்தின் உயர்ந்த மலைகளிலும் அதனை அடுத்த மிதவெப்ப நிலங்களிலும் விரைந்து வளரும் இயல்பினால், உலகில் மிகுதியாகப் பயிரிடப்படும் பைன்களுள் ஒன்றாக இது விளங்குகிறது.

தாயகமும் தோற்றமும்

பட்டுலா பைனின் தாயகம் கிழக்கு மெக்சிகோ. வடக்கே தமௌலிபாஸ் முதல் தெற்கே வஹாகா வரை நீளும் மலைத்தொடர்களில், மேகமும் மூடுபனியும் தவழும் ஈரமான சரிவுகளில் இது வளர்கிறது. 1831ஆம் ஆண்டு தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினர். 'பட்டுலா' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'பரந்து விரிந்தது' என்பது பொருள்.

இம்மரம் 30 மீட்டருக்கும் மேல் உயரும். அடிமரத்தின் மேற்பகுதியில் பட்டை செந்நிறமாக, மெல்லிய செதில்களாக உரியும். ஊசியிலைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்து 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டு, நுனி தாழ்ந்து தொங்கும். தலைவிரித்துத் தொங்கும் கூந்தலை ஒத்த அத்தோற்றத்தால், மெக்சிகோ மக்கள் இதனை 'அழும் பைன்' என்னும் பொருள்படும் பெயராலும் அழைக்கின்றனர்.

இதன் கூம்புகள் கிளையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு கொத்துக் கொத்தாக நிற்கும். அவற்றுட் பல முதிர்ந்த பின்னும் உடனே விரிவதில்லை. வெயிலின் கடுமையோ காட்டுத்தீயின் வெம்மையோ பட்டதும் செதில்கள் விரிய, சிறகுடைய விதைகள் காற்றில் பறக்கும். விதைகள் மிகச் சிறியவை. ஒரு கிலோகிராமில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும். தீயால் அழிந்த சரிவில் முதலில் முளைத்து, வெட்டவெளியில் வெயிலை முழுதும் பெற்று விரைந்து உயர்வது இம்மரத்தின் இயல்பு. அந்த இயல்பே இதனைப் பயிரிடுவோர்க்கு உகந்த மரமாக்கியது. நடப்படாத இடங்களிலும் இது தானே பரவுவதற்கும் அதுவே காரணமாயிற்று.

கடல் கடந்த விதை

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, சுமத்திரா தீவின் ஒரு சிறு பகுதியைத் தவிர, பைன் மரம் இயற்கையாக வளரும் இடம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இயற்கைக் காடுகளும் மிகக் குறைவு; அங்குப் பெரும்பரப்பில் அமைந்தவை புல்வெளிகள். சுரங்கங்களைத் தாங்கும் முட்டுக்கட்டைகளுக்கும், வீடுகளுக்கும், பெட்டிகளுக்கும், தாளுக்கும் மரம் வேண்டியிருந்தது. அத்தேவையை நிறைவேற்ற அந்நாட்டினர் பல நாட்டு மரங்களை நட்டுப் பார்த்தனர். பட்டுலா பைன் 1907ஆம் ஆண்டு அங்குச் சென்றது. கோடையில் மழைபெறும் உயர்நிலங்களில் அது செழித்து வளர்ந்தது. பின்னர்ச் சுவாசிலாந்து, சிம்பாப்வே, மலாவி, தான்சானியா, கென்யா, மடகாசுக்கர், கொலம்பியா எனப் பல நாடுகளின் மலைகளிலும் வேரூன்றியது.

விதையை மட்டும் கொண்டுசென்றால் பைன் வளர்ந்துவிடாது. அதன் வேர்நுனிகளைச் சில வகைப் பூஞ்சைகள் உறைபோல் மூடி வாழ்கின்றன. பூஞ்சையின் நுண்ணிய இழைகள் மண்ணில் நெடுந்தொலைவு பரவி, பாஸ்பரசு முதலிய ஊட்டங்களையும் நீரையும் திரட்டி மரத்திற்கு அளிக்கின்றன. மரம் தன் இலையில் உருவாக்கிய சர்க்கரையைப் பூஞ்சைக்கு அளிக்கிறது. இக்கூட்டு வாழ்வு அமையாத மண்ணில் நட்ட பைன் கன்றுகள் மஞ்சளித்துக் குறுகி நின்றன. ஏற்கெனவே பைன் வளர்ந்த இடத்து மண்ணைச் சிறிது கொண்டுவந்து நாற்றங்காலில் கலந்தபோது அதே கன்றுகள் பசுமையுடன் நிமிர்ந்தன. ஒரு மரத்தை இடம்பெயர்ப்பது என்பது கண்ணுக்குத் தெரியாத அதன் துணைகளையும் சேர்த்தே இடம்பெயர்ப்பதாகும் என்பதை வனவியலார் இவ்வாறு கற்றுக்கொண்டனர்.

தாளாகும் மரம்

அகத்தே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகைப்படுத்துகிறார். அவ்வகைப்பாட்டின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தவை. பைன் மரவினத்தைச் சார்ந்தது. தாள் செய்வோர் இரண்டையும் பயன்படுத்துகின்றனர். இந்தியத் தாள் ஆலைகள் நெடுங்காலம் மூங்கிலை நம்பியிருந்தன. கரூர் மாவட்டத்தில் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பெற்றது.

அங்ஙனமாயின் பைனுக்குத் தனிச்சிறப்பு யாது? அதன் இழையின் நீளமே. யூக்கலிப்டசு போன்ற அகன்ற இலை மரங்களின் இழைகள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையவை. பைன் இழைகளோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையவை. நீண்ட இழைகள் ஒன்றோடொன்று நன்கு பின்னிக்கொள்வதால் தாள் எளிதில் கிழிவதில்லை. குறுகிய இழைகள் எழுதுவதற்கேற்ற வழவழப்பைத் தருகின்றன. நீண்ட இழைகள் வலிமையைத் தருகின்றன. சிமெண்டுப் பைகள், அட்டைப் பெட்டிகள், பொட்டலத் தாள்கள் ஆகியவற்றிற்குப் பைன் கூழ் விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே.

மரத்தைத் தாளாக்குவது, மரத்திலுள்ள இழைகளைச் சிதைக்காமல் பிரித்தெடுக்கும் கலையாகும். இழைகளைச் செங்கற்களுக்கு ஒப்பிட்டால், அவற்றைப் பிணைக்கும் சாந்து 'லிக்னின்' என்னும் பொருள். 1879ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் டால் உருவாக்கிய முறையில், பட்டை நீக்கிய மரம் சிறு சில்லுகளாக வெட்டப்படுகிறது. எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில், அழுத்தக் கலனில், ஏறத்தாழ 170 பாகை செல்சியசு வெப்பத்தில் அச்சில்லுகள் வேகவைக்கப்படுகின்றன. லிக்னின் கரைந்து வெளியேற, இழைகள் கூழாக எஞ்சுகின்றன. பைனின் பிசினையும் கரைக்கவல்லது என்பதால் இம்முறை இம்மரத்திற்கு மிகவும் ஏற்றதாயிற்று. இதன்வழிக் கிடைக்கும் தாளின் உறுதியைக் கண்டு, ஜெர்மானிய மொழியில் 'வலிமை' எனப் பொருள்படும் 'கிராஃப்ட்' என்னும் சொல்லையே இம்முறைக்குப் பெயராக்கினர்.

மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதியே கூழாகிறது. மறுபாதி கரைந்துள்ள கரிய நீர்மத்தைச் சுண்டக் காய்ச்சி எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்னாற்றலையும் பெறுகின்றனர். எஞ்சும் உப்புகளிலிருந்து வேதிப்பொருள்கள் மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுகின்றன. சாயங்களுக்கு உதவும் கற்பூரத்தைலமும் பைன் கூழ் ஆலையின் துணைவிளைபொருளாகக் கிடைக்கிறது.

கூழுக்காக வளர்க்கும் மரத்தை 15 முதல் 18 ஆண்டுகளில் வெட்டுகின்றனர். பலகைக்காக வளர்ப்பதாயின் 25 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். பலகையில் கணு விழாதிருக்கக் கீழ்க்கிளைகளை இளமையிலேயே கழிப்பதும், நெருக்கமான மரங்களை இடையிடையே அகற்றி எஞ்சியவை பருக்க இடமளிப்பதும் அதற்கான பணிகள்.

ஒரே நிலத்தில் மீண்டும் மீண்டும்

இன்று எஸ்வாத்தினி எனப்படும் சுவாசிலாந்தில், உசுத்து என்னுமிடத்தில் மரமற்ற புல்வெளியில் 1940களின் இறுதியில் பைன் நடும் பணி தொடங்கிற்று. ஏறத்தாழ 60,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்த அத்தோட்டக்காடு, மனிதர் உருவாக்கிய மிகப் பெரிய காடுகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அங்கு முதன்மையாக நடப்பட்டது பட்டுலா பைனே. அதனருகே கூழாலையும் எழுந்தது.

ஒரே நிலத்தில் ஒரே மரத்தை வெட்டி வெட்டி நட்டால் மண் வளம் குன்றாதா? இவ்வினாவிற்கு ஊகத்தால் விடை கூறாமல் அளந்து கூற முற்பட்டார் ஆங்கிலேய வனவியலார் ஜூலியன் எவான்ஸ். 1960களின் இறுதியில் அங்கு அளவைத் திட்டுகளைக் குறித்துக்கொண்டு, முதல் சுழற்சி மரங்களின் வளர்ச்சியை இரண்டாம், மூன்றாம் சுழற்சி மரங்களின் வளர்ச்சியோடு ஒப்பிட்டார். ஒரு சுழற்சிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகும் என்பதால், ஓர் ஆய்வாளரின் பணிக்காலம் முழுவதையும் அவ்வாய்வு வேண்டிற்று. பெரும்பாலான மண்ணில் வளர்ச்சி குன்றவில்லை என்பதே முடிவு. ஒரு குறிப்பிட்ட பாறையிலிருந்து உருவான மண்ணில் மட்டும் இரண்டாம் சுழற்சி மரங்கள் தளர்ந்தன. பாஸ்பேட்டுக் குறைபாடே காரணம் எனக் கண்டு, உரமிட்டதும் அக்குறை நீங்கிற்று. 'மண்ணை மலடாக்கும் மரம்' என்று பொதுப்படையாகக் கூறப்படும் குற்றச்சாட்டு எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதை அவ்வளவீடுகள் உணர்த்தின.

மண் தாங்கினாலும் ஒற்றைப் பயிர்க் காட்டிற்கு வேறு இடர்கள் உண்டு. 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளில் மூண்ட பெருந்தீ உசுத்துக் காட்டின் பெரும்பகுதியை அழித்தது. மூலப்பொருள் இழப்பும் சந்தைச் சரிவும் சேர, 2010ஆம் ஆண்டு கூழாலை மூடப்பட்டது. அதனை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேலை இழந்தனர். பூஞ்சை நோய் ஒன்று 1990ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க நாற்றங்காலில் பட்டுலா கன்றுகளைத் தாக்கிய செய்தி அறியப்பட்டது. நட்ட கன்றுகள் வேரழுகி மடிவது பெருஞ்சிக்கலாகவே, நோயைத் தாங்கும் மற்றொரு நடு அமெரிக்கப் பைனுடன் கலப்பு செய்து புதிய கன்றுகளை உருவாக்கினர். அக்கலப்பிற்கு வேண்டிய பல்வகை விதைகள் கிடைத்த இடம் எது? மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடுகளே. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் தோட்டத்திற்கு ஆபத்து நேர்ந்தபோது அதனைக் காக்க உதவியது யாரும் நடாத தாய்க்காடுதான்.

ஓடையை அளந்தவர்கள்

காடு மழையைத் தருகிறது, நீரைக் காக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், பைன் நட்ட நிலங்களை அடுத்து வாழ்ந்த தென்னாப்பிரிக்க உழவர்கள், தங்கள் ஓடைகள் மெலிகின்றன என்று முறையிட்டனர். வனத்துறையினர் மறுத்தனர். 1935ஆம் ஆண்டு அந்நாட்டில் கூடிய வனவியல் மாநாட்டில் இச்சிக்கல் விவாதிக்கப்பட்டது. சொல்லாடலால் தீராத வழக்கை அளவீட்டால் தீர்ப்பது என முடிவாகி, நீரியல் ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் வெவ்வேறு மலைப்பகுதிகளிலும் ஆய்வுகள் தொடர்ந்தன.

ஆய்வுமுறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. அருகருகே அமைந்த சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்துகொள்வர். ஒவ்வொன்றின் ஓடையிலும் அளவைத் தடுப்பு அமைத்து, சில ஆண்டுகள் நீரை அளப்பர். பின்னர் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு மற்றவற்றில் மரம் நடுவர். மழை இரண்டிற்கும் பொதுவாதலால், ஓடை நீரில் தோன்றும் வேறுபாடு மரத்தால் விளைந்ததே எனத் தெளியலாம்.

நாட்டின் கிழக்கே மேட்டுநிலப் புல்வெளியில் உள்ள மொகோபுலான் என்னுமிடத்து ஆய்வு இவற்றுள் புகழ்பெற்றது. அங்கு ஒரு பகுதியில் 1969ஆம் ஆண்டு யூக்கலிப்டசும், மற்றொரு பகுதியில் 1971ஆம் ஆண்டு பட்டுலா பைனும் நடப்பட்டன. யூக்கலிப்டசு நட்ட மூன்றாம் ஆண்டிலேயே நீர் குறையத் தொடங்கிற்று. ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வற்றியது. பைன் சற்றுக் காலம் தாழ்த்தியது. நான்காம் ஆண்டில் நீர் குறைந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் அவ்வோடையும் முற்றிலும் வற்றியது. பதினாறு ஆண்டு வளர்ந்த யூக்கலிப்டசு மரங்களை முழுதும் வெட்டிய பிறகும் ஓடை உடனே உயிர்பெறவில்லை. ஆண்டு முழுதும் நீரோட்டம் திரும்புவதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

இதற்குரிய காரணத்தை அறிவது கடினமன்று. புல், மழைக்காலத்தில் தழைத்து, வறண்ட பருவத்தில் காய்ந்து உறங்கும். அப்போது அது நீரை உறிஞ்சுவதில்லை. மண்ணில் தங்கிய நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடையைச் சேரும். பைனோ என்றும் பசுமையானது. வறண்ட பருவத்திலும் அதன் இலைகள் நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். புல்லின் வேர் எட்டாத ஆழத்து நீரையும் அதன் வேர்கள் தேடி எடுக்கும். மேலும், மழையில் ஒரு பகுதி ஊசியிலைகளிலேயே தங்கி, தரையைத் தொடாமல் ஆவியாகும். முதலில் மரத்தின் தேவையை மண்ணில் இருந்த பழைய சேமிப்பு நிறைவேற்றுகிறது. அது தீர்ந்ததும் ஓடை வற்றுகிறது. மரத்தை வெட்டிய பின்னும் ஓடை உடனே ஓடாததற்குக் காரணம், வெறுமையான அச்சேமிப்பு மீண்டும் நிரம்ப வேண்டியிருப்பதே.

இவ்வளவீடுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1972ஆம் ஆண்டு முதல் தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தோட்டக்காடு அமைக்க அனுமதி பெறுதல் கட்டாயமாயிற்று. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், வணிகத் தோட்டக்காட்டை 'ஓடைநீரைக் குறைக்கும் செயல்' எனப் பெயரிட்டு, நீர் பயன்படுத்துவோர் பட்டியலில் சேர்த்தது. மரம் வளர்ப்பதைத் தடைசெய்யாமல், மரத்தையும் நீரின் கணக்கிற்குள் கொண்டுவந்தது அச்சட்டம்.

நீலகிரியும் பழனி மலையும்

நம் மலைகளின் உச்சிப் பரப்புகளில் இயற்கை அமைத்த காட்சி தனித்தன்மை உடையது. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் அடர்ந்த சோலைகள். அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் விரிந்த புல்வெளிகள். இரண்டும் இணைந்ததே அந்நிலம். அப்புல்வெளியில்தான் வரையாடு மேய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி பூக்கிறது. தோடர்களின் எருமைகள் மேய்கின்றன. பவானி, மோயாறு, அமராவதி, வைகை ஆகிய ஆறுகளுக்கு இம்மலைகளின் ஓடைகள் நீர் சேர்க்கின்றன.

ஆங்கிலேய ஆட்சியாளர்கள் அப்புல்வெளியில் மரம் இல்லாததை மட்டுமே கண்டனர். வரிப்பதிவேட்டில் அது பயனற்ற நிலமாயிற்று. விறகுக்கென யூக்கலிப்டசும், தோல் பதனிடும் பட்டைக்கெனச் சீகை எனப்படும் வாட்டில் மரமும் 19ஆம் நூற்றாண்டிலேயே நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், தொழிற்சாலைகளின் மரத்தேவைக்காக அப்பணி விரிந்தது. பைனும் பெருமளவில் நடப்பட்டது. அக்காலத்தில் அதனைச் செய்தவர்கள் தீமை கருதிச் செய்தாரல்லர். தரிசைக் காடாக்குகிறோம் என்னும் நல்லெண்ணமே அவர்களை இயக்கியது. அவர்கள் பிழை, புல்வெளியைத் தரிசு எனக் கொண்டதே.

இப்பிழைக்கு மொழியிலும் ஒரு வேர் இருக்கிறது. தமிழில் 'புல்' என்னும் சொல்லே சிறுமையையும் குறிக்கும். புன்மை, புல்லறிவு, புல்லியர் ஆகிய சொற்கள் அவ்வழி வந்தவை. காலடியில் மிதிபடுவதைச் சிறிதெனக் கருதுவது மனித இயல்பு போலும். ஆனால், தொல்காப்பியர் புல்லை மரத்திற்குக் கீழாக வைக்கவில்லை. இணையான மற்றொரு வகையாகவே வைத்தார். சோலைக்கும் புல்வெளிக்கும் அந்நோக்கே பொருந்தும்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையில் நிகழ்ந்த ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கூறுகிறது. மறைந்த நிலத்தை எடுத்துக்கொண்டவை தோட்டக்காடுகளும் வேளாண்மையுமே. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு மலை முன்னிலும் பசுமையாகத் தோன்றும். 'காடு பெருகிற்று' என்று கணக்கும் கூறும். வரையாட்டிற்கோ மேயும் நிலம் சுருங்கிவிட்டது.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, நீண்டகால அறிவியல் ஆய்வின் மூலம் இயல் தாவரங்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கில்லை எனத் தெளிந்த பின்னரே அயல்மரங்களைப் புகுத்த வேண்டும் என்கிறது. நட்டதை நீக்கும் பணியிலும் அத்தகைய நிதானம் வேண்டும். சோலையை ஒட்டிய பைன் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்துள்ளன. அங்குள்ள பைன்களை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் அக்கன்றுகள் மடியும். வெயில்பட்ட தரையில் வாட்டில் விதைகள் முளைத்துப் பரவும். புல்வெளியின் நடுவே புதிதாகப் பரவிய இளம் பைன்களையோ உடனே அகற்றுதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் புல்லின் வேரும் விதையும் மண்ணில் எஞ்சா. ஒரே மரத்தைக் குறித்து இருவேறு முடிவுகள் தேவைப்படுவதற்குக் காரணம், இடம் வேறுபடுவதே.

தெரிந்து தெளிவோம்

இலங்கையின் சிங்கராச மழைக்காட்டின் எல்லையில், பட்டுலாவின் உறவினமான கரிபியன் பைன் நடப்பட்டிருந்தது. 1990களில் ஆய்வாளர்கள் அப்பைன்களை முழுதும் வெட்டாமல், அடுத்தடுத்து மூன்று வரிசைகளை மட்டும் நீக்கி, அவ்விடைவெளியில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர். எஞ்சிய பைன்கள் அளவான நிழல் தந்து செவிலித் தாயராக நிற்க, இயல் மரக்கன்றுகள் நன்கு வளர்ந்தன.

மரமும் இடமும்

பட்டுலா பைன் மெக்சிகோவின் மேகச் சரிவில் நிற்கும்போது அம்மண்ணின் மகவு. எண்ணற்ற உயிர்களுக்கு உறைவிடம். உசுத்துவின் தோட்டத்தில் அது ஒரு பயிர். பல குடும்பங்களின் பிழைப்பு. மொகோபுலான் ஓடையருகே அது நீரைப் பருகித் தீர்த்த விருந்தினர். நீலகிரியின் புல்வெளியில் அது வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தை மறைத்து நிற்கும் அயலார். நான்கு இடத்திலும் மரம் ஒன்றே. அதன் வேரும் இலையும் இழையும் மாறவில்லை. ஆகவே நன்மையும் தீமையும் மரத்தில் இல்லை. அதனை நடுவதற்குத் தேர்ந்த இடத்தில் இருக்கின்றன.

தாள் வேண்டாம் என்று கூறவியலாது. அறுப்பு மரமும் வேண்டும். மரத்தை வளர்த்து வெட்டிப் பயன்கொள்வது, இயற்கைக் காட்டை அழித்துப் பயன்கொள்வதைவிட மேலானதே. ஆனால், நடுவதற்கு முன் அந்நிலத்தில் ஏற்கெனவே என்ன வாழ்கிறது, அதன் ஓடை யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்று கேட்டறிவது நடுவோர் கடமை. தென்னாப்பிரிக்க உழவர் எழுப்பிய முறையீட்டிற்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டு அளவீடு தேவைப்பட்டது. அந்த விடை இன்று எல்லார்க்கும் பொதுவாகக் கிடைத்திருக்கிறது.

மரம் நடுவது அறம். நடக்கூடாத இடத்தை அறிந்து, அங்கே புல்லைப் புல்லாகவே விட்டுவைப்பதும் அதனோடு ஒத்த அறமே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் 'தரிசு' அல்லது 'புறம்போக்கு' எனக் குறிக்கப்படும் நிலம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்கு வாழும் செடிகொடிகள், பறவைகள், மேயும் கால்நடைகள் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. 'மலையுச்சிப் புல்வெளியில் மரம் நடலாமா?' என்னும் தலைப்பில் உழவர், தாள் ஆலைத் தொழிலாளர், வனத்துறையினர், மலைவாழ் மக்கள் ஆகியோர் கூற்றாக ஓர் உரையாடல் எழுதுக.

3. 'புல்' என்னும் சொல்லை அடியாகக் கொண்டு பிறந்த தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை அகராதியில் கண்டு எழுதுக.